பள்ளிக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதம்

நீண்ட பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் நண்பர்கள் சிலர், ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவது, எப்படிச் சொல்வது என்று உள்பெட்டியில் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே வைக்கிறேன். பள்ளியின் பெயரைக் கேட்க வேண்டாம். ஏரவாடாவிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் என்பது வரையில் சொல்லலாம். என் மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரம். பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா அழைத்திருந்தார். வழக்கமாக அலைபேசியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடுகிறவள், அன்று "ஹலோ ஆச்சி, ஐ ஆம் ஃபைன்" என்று சொல்லிவிட்டுப் பேசியை என்னிடமே நீட்டினாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா என்னிடம், "பிள்ளைக்கு என் மேல என்னட்டி கோவம்?" என்று கேட்டார். அன்றிரவு சோறு ஊட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளிவந்தது.

வகுப்பில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. கரும்பலகை அழிப்பான் அளவு. ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பேசிப் பிடிபடுகிற பிள்ளையிடம் அது கொடுக்கப்படும். அந்தப் பிள்ளை, பேசுகிற இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்து அதைக் கைமாற்றிவிட வேண்டும். மாலை மணி அடிக்கும்போது கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் ஐந்து ரூபாய் அபராதம் கட்டி, 'நான் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவேன்' என்று ஐம்பது முறை எழுதிக்கொண்டு வர வேண்டும். மதிய உணவு நேரத்தில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையிடம் "எனக்கு ஒரு வாய் தாயேன்" என்று கேட்டிருக்கிறாள் இவள். கட்டை வந்துவிட்டது. அதை மாலைக்குள் கைமாற்ற, கழிப்பறைக்கு அருகில் நின்று மராத்தி பேசுகிற பிள்ளைகளை ஒட்டுக் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். அபராதத்துக்கோ எழுத்து வேலைக்கோ அல்ல, தோழியைக் காட்டிக்கொடுத்ததற்கு.

நான் டெக்கான் கல்லூரியில் மொழியியல் ஆய்வு மாணவி. இந்தக் கட்டையை நான் ஏற்கெனவே அறிவேன், நூலகத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேல்ஸ் பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பிரெத்தோன் பேசிய பிள்ளைக்கு ஒரு பொருளை மாட்டி, அதைச் 'சின்னம்' என்று அழைத்தார்கள். பல ஊர்களில் அது ஒரு பழைய மரச்செருப்பு. ஒகினாவாவில் அதற்கு 'ஹோகென் ஃபுதா', அதாவது வட்டாரமொழி அட்டை, என்று பெயர். கென்யாவில் கிக்குயு பேசிய மாணவர்களிடையே ஒரு பொத்தான் கைமாறிய கதையைக் கூகி வா தியாங்கோ 1986இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். எல்லா இடத்திலும் ஒரே பொறிமுறை: ஆசிரியர் கண்காணிக்க வேண்டியதில்லை, பிள்ளைகளே ஒருவரையொருவர் கண்காணிப்பார்கள். இதைப் பற்றிக் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேசியவள் நான். என் வீட்டுக்குள் அது வந்து மூன்று நாள் வரை எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவே ஆயருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினேன். விடியற்காலை இரண்டு மணிக்கு அது நான்கு பக்கம் ஆகியிருந்தது. இயேசு சபையின் என்றிக்கே என்றீக்கஸ் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டதில் தொடங்கி, ஆங்கிலேயரான தாமஸ் ஸ்டீபன்ஸ் கோவாவிலிருந்து மராத்தியில் இயற்றி 1616இல் வெளியான 'கிறிஸ்த புராணம்' வழியாக, வீரமாமுனிவரின் சதுரகராதி வரை வந்து, 'இந்த மரபுக்கு உரியவர்களா பிள்ளைகளின் நாக்கில் அபராதம் விதிப்பது?' என்று முடித்திருந்தேன். அனுப்பவில்லை, காலையில் ஒருமுறை யாரிடமாவது காட்டிவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு தயக்கம் என்னைக் காப்பாற்றியது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கன்னியர் நடத்தும் பள்ளிகளில் வேலை பார்த்தவர். நான் அவரை டீச்சரம்மா என்றுதான் அழைப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "ஏம்மா, இது பிஷப்புக்கு எழுதின லெட்டரா, உன் கைடுக்கு எழுதின சாப்டரா?"

அவர் சொன்னதன் சாரம் இது. கத்தோலிக்கப் பள்ளி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. சில பள்ளிகள் மறைமாவட்டத்துக்கோ பங்குக்கோ உரியவை. அங்கே பங்குத்தந்தையோ மறைமாவட்டக் கல்விச் செயலரோ மேலாளர். மற்றவை துறவற சபைகளுக்கு உரியவை: இயேசு சபை, சலேசியர், பல்வேறு கன்னியர் சபைகள். அங்கே முதல்வரான அருட்சகோதரி, தம் சபையின் மாநிலத் தலைவிக்குக் கட்டுப்பட்டவர். ஆயர் அந்த மறைமாவட்டத்தின் தலைவர் என்பதற்காக அவரை நேரடியாக இடமாற்றவோ பள்ளியின் அன்றாட விதியை மாற்றவோ முன்வர மாட்டார். "முதல்ல ஸ்கூல் டைரியோட கடைசிப் பக்கத்தைப் பாரு. சொசைட்டி பேரு போட்டிருக்கும். யாருக்கு எழுதணும்னு அதுல தெரியும்" என்றார். பார்த்தேன். துறவற சபையின் சங்கம்தான்.

இதைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சரிபார்த்தேன். (ஆய்வாளர் என்றால் இந்த வியாதி விடாது.) 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 806ஆம் சட்டம், துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் உட்படத் தம் எல்லைக்குள் இருக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளைக் கண்காணிக்கவும் பார்வையிடவும் ஆயருக்கு உரிமை தருகிறது, பொதுவான ஒழுங்குமுறைகளையும் அவர் வகுக்கலாம். ஆனால் பள்ளியின் உள் நிர்வாகத்தில் சபைகளுக்கு உள்ள தன்னாட்சியை அதே சட்டம் பாதுகாக்கிறது. மரக்கட்டை உள் நிர்வாகம். என் நான்கு பக்கக் கடிதம் ஆயரகத்தின் செயலரிடம் போய், அங்கிருந்து ஒரு மேலுறையோடு முதல்வரின் மேசைக்கே திரும்பியிருக்கும். நான் அவரைத் தாண்டிச் சென்றேன் என்ற செய்தியோடு.

ஆனால் பெற்றோருக்கு உண்மையில் கைகொடுக்கும் வரி 796ஆம் சட்டத்தின் இரண்டாம் பத்தியில் இருக்கிறது. ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையோ கூட்டங்களையோ நிறுவி அவற்றை உயர்வாக மதிக்க வேண்டும் என்கிறது அது. கத்தோலிக்கப் பெற்றோர் என்று அங்கே சொல்லவில்லை, பெற்றோர் என்றுதான் சொல்கிறது. நான் கத்தோலிக்கர் அல்லள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்பதை 1965 அக்டோபரில் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் வலியுறுத்துகிறது. நம் நாட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டினால் வழக்கறிஞரைக் கூப்பிடுகிற பள்ளி, தன் சொந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டினால் உட்காரச் சொல்கிறது. இது என் அனுபவம், விதியாகக் கொள்ள வேண்டாம்.

நாட்டுச் சட்டத்தையும் பார்க்காமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. நல்ல பிரிவு. ஆனால் பிரமதி வழக்கில் 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அரசு உதவி பெறுபவையோ பெறாதவையோ, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ஐயுற்றுப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு வைத்திருக்கிறது. அது முடிவதற்குள் என் மகள் கல்லூரிக்குப் போய்விடலாம். கேரளத்தில் 2017ஆம் ஆண்டு மலையாள மொழிச் சட்டம், பள்ளிகளில் மலையாளம் பேசுவதற்குத் தடை விதிக்கக் கூடாது, மீறினால் தலைமையாசிரியருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் இடம் மாறுகிறது பாருங்கள்! மகாராஷ்டிரத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. அதே பள்ளியில் காலை மூன்றாம் மணியில் மராத்திப் பாடம், நான்காம் மணியில் மராத்தி பேசினால் கட்டை.

நீதிமன்றம் போகலாமே என்று என் கணவர் கேட்டார். கராடியில் இரவுப் பணி முடிந்து வந்த களைப்பில் கேட்டது. அவருக்கு நான் காட்டியது கேரள உயர் நீதிமன்றத்தின் 2018 டிசம்பர் 4 தீர்ப்பை. திருவனந்தபுரத்தில் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளி ஒன்றில், தலைத்துணியும் முழுக்கைச் சட்டையும் அணிய அனுமதி கேட்டுத் தம் இரு மகள்களுக்காக ஒரு தந்தை தொடுத்த வழக்கு. தனிமனித உரிமையை நிறுவனத்தின் பெரிய உரிமைக்கு எதிராக வலியுறுத்த முடியாது என்றார் நீதிபதி முகமது முஷ்டாக். மாற்றுச் சான்றிதழ் கேட்டால் பாதகமான குறிப்பு ஏதும் இன்றித் தர வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல். தீர்ப்பின் தகுதியைப் பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஆனால் மாற்றுச் சான்றிதழில் முடிகிற பாதை எனக்கு வேண்டியதில்லை. (பாலியல் துன்புறுத்தல், அடி போன்றவை வேறு. அங்கே இந்தப் படிக்கட்டெல்லாம் கிடையாது. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி அறிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதைப் பள்ளிக்குள் பேசித் தீர்க்க முதல்வருக்கும் உரிமை இல்லை, ஆயருக்கும் இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

ஆகவே படிக்கட்டின் கீழிருந்து தொடங்கினேன். வகுப்பாசிரியை ஒப்பந்தப் பணியில் இருக்கும் இளம்பெண். நான் வாயைத் திறந்ததுமே அவர் முகம் வெளிறியது. "மேடம், இது என் யோசனை இல்லை, கூட்டத்தில் சொன்னது" என்றார் மராத்தியில், தாழ்ந்த குரலில். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தார். கட்டை அவர் கையிலும் வரக்கூடியதுதான் என்று அப்போது புரிந்தது. அவர்மேல் இருந்த கோபம் அங்கேயே போயிற்று. எழுத்தில் எங்கும் அவரைக் குறிப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்து, பெற்றோர் ஆசிரியர் சங்கம். மகாராஷ்டிரத்தில் இது பள்ளியின் தயவால் நடப்பது அல்ல. 2011ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, கல்வியாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் ஒவ்வொரு பள்ளியும் அமைத்தாக வேண்டும். அதன் செயற்குழுவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெற்றோர், ஒரு ஆசிரியர். பெற்றோரைக் குலுக்கல் மூலம் எடுக்கிறார்கள். தலைவர் முதல்வர், துணைத் தலைவர் ஒரு பெற்றோர். துணைத் தலைவரைத் தேடிப் போனேன். நல்ல மனிதர், குஞ்சன் சௌக் அருகே கடை வைத்திருக்கிறார். "தாயி, எங்கள் குழு கட்டணத்தைப் பற்றிப் பேச மட்டும்தான்" என்றார். சட்டத்தின் பெயரிலேயே கட்டணம் இருப்பதால் அப்படி ஆகிவிட்டது; பெற்றோர் குரல் என்றாலே ரூபாய்க் கணக்கு என்று இரு தரப்பும் பழகிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் 'இதர பொருள்கள்' என்ற தலைப்பில் சேர்க்க முயல்வதாகச் சொன்னார். சேர்க்கவும் சேர்த்தார்.

அந்தக் கூட்டத்துக்கு முன் மற்றப் பெற்றோரிடம் பேசினேன். இங்கேதான் என் நியாயத்தின் கால் சறுக்கியது. பதினொரு பேரிடம் பேசியதில் என்னோடு கையெழுத்திட முன்வந்தவர்கள் மூவர். ஆட்டோ ஓட்டும் ஒரு தந்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மராத்தி என் வீட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. இங்கிலீஷுக்குத்தான் நான் பணம் கட்டுகிறேன். கட்டையோ கம்போ, வரட்டும்." இன்னொரு தாய், தமிழ்ப் பெண்தான், சேலம் பக்கம், வீட்டு வேலை செய்கிறவர், "உங்களுக்கென்ன அக்கா, நீங்க பிஎச்டி" என்று மட்டும் சொன்னார். ஆங்கிலத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டு, அவர் மகளுக்கு ஆங்கிலம் அவ்வளவு முக்கியமில்லை என்று நான் சொல்கிறேனா? வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கட்டையைக் கொண்டுவரச் சொன்னதே பெற்றோர் சிலர்தான் என்பதும் பிறகு தெரிந்தது.

கடிதத்தை அதன் பிறகுதான் எழுதினேன். ஒரு பக்கம். வீரமாமுனிவர் இல்லை, வேல்ஸ் இல்லை. தேதியும் நிகழ்வும் மூன்று வரியில். ஆங்கிலம் நன்றாகக் கற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை என்று ஒரு வரி. ஆட்டோக்காரருக்கு நான் பட்ட கடன். பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் முறையை நிறுத்த வேண்டும், அபராதம் வேண்டாம், பதிலாக ஆங்கிலத்தில் பேச ஊக்கம் தரும் வேறு வழியைப் பெற்றோர் சங்கத்தோடு கலந்து வகுக்கலாம் என்று வேண்டுகோள். 796ஆம் சட்டத்தைச் சுட்டி ஒரு வாக்கியம். நால்வர் கையெழுத்து. 'காட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லை டீச்சரம்மாதான் போடச் சொன்னார். "மொழியைப் பத்தி எழுதினா வாதம் பண்ணுவாங்க. இதுக்கு எந்த சிஸ்டராலயும் வாதம் பண்ண முடியாது. வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை வாசிக்கிறாங்கல்ல." நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவரே. இரண்டு வாரம் பதில் வராவிட்டால் மட்டும் மாநிலத் தலைவிக்கு, அதற்கும் ஒரு மாதம் கழித்தே மறைமாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு என்று கால அட்டவணையும் போட்டுத் தந்தார்.

பன்னிரண்டாம் நாள் முதல்வர் அழைத்தார். எதிர்பார்த்ததைவிட இளையவர். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் என்று பேச்சினிடையே தெரிந்தது. வீட்டில் என்ன மொழி என்று தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். குடுக் என்றார். குடுக் ஒரு திராவிட மொழி, தமிழுக்கு வடக்கே வாழும் தூரத்து உறவு. "உங்கள் மொழியில் கண்ணுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன சொல் தொண்டையிலிருந்து உரசி எழும் 'ஃகன்'. எங்களுக்கும் அதுவே என்றேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர், தாம் விடுதியில் இருந்தபோது இந்தி பேசாவிட்டால் தட்டு கழுவ வேண்டும் என்ற விதி இருந்ததாகவும், அதனால்தான் இன்று இந்த நாற்காலியில் இருப்பதாகவும் சொன்னார். அது என் கட்சிக்குச் சாட்சியமா எதிர்க்கட்சிக்கா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் முடியவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவோடு இப்போது எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

கிடைத்தது இவ்வளவு. நான்காம் வகுப்பு வரை கட்டை நிறுத்தப்பட்டது. அபராதமும் நின்றது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் 'ஆய்வில் உள்ளது'. ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைகளுக்கு நட்சத்திர ஒட்டி தருகிறார்கள். அதுவும் ஒரு வகையில் கட்டைதான், ஆனால் பளபளப்பாக இருக்கிறது. 'ஆங்கிலத்தில் மட்டும்' என்ற பலகை நடைக்கூடத்தில் அப்படியே தொங்குகிறது. எழுத்தில் பதில் கேட்டேன். தரவில்லை. வாய்மொழி உத்தரவு முதல்வரோடு இடம் மாறிப் போய்விடும். கன்னியர் சபைகளில் இடமாற்றம் வழக்கமானது. அதனால் மாநிலத் தலைவிக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் புகார் எதுவும் இல்லை. முதல்வர் எங்களைக் கேட்டதற்கு நன்றி, எடுத்த முடிவு இன்னது என்று மட்டும். ஒற்றை வரியில் பதில் வந்தது: மகிழ்ச்சி, செபத்தில் நினைவுகூர்கிறோம். தேதியும் முத்திரையும் உள்ள அந்த ஒரு வரிதான் இப்போதைக்கு எங்களிடம் இருக்கும் ஆவணம். கோப்பில் வைத்திருக்கிறேன்.

பள்ளி பழிவாங்கவில்லையா என்று கேட்பீர்கள். எல்லோரும் முதலில் அஞ்சுவது அதைத்தான். பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது. வெளிப்படையாக ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டு விழா நடனத்தில் இவளைச் சேர்க்கவில்லை. சேர்க்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். இவளுக்குத் தாளம் நிற்காது, என்னைப் போல. ஆனால் அந்த ஐயம் என்னுள் புகுந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை.

வாராந்திரம் கடிதம் எழுதுவதற்குப் பேர்போன ஊர் இது. 1930இல் காந்தி இங்கே சிறையிலிருந்து ஆசிரமத்துக்கு வாரம் ஒரு கடிதம் அனுப்பினார், சிறையையே ஏரவாடா மந்திர் என்று அழைத்தார். அந்தச் சுவரை ஒட்டித்தான் நான் தினமும் கல்லூரிக்குப் போகிறேன். அவருக்கு இருந்த பொறுமையில் நூற்றில் ஒரு பங்குகூட எனக்கு இல்லை என்பதை இந்த ஐந்து மாதங்களில் அறிந்துகொண்டேன்.

மகள் ஆச்சியிடம் மறுபடி பேசுகிறாள். முன்போல இல்லை. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் அரை நொடி நிறுத்துகிறாள். அந்த அரை நொடியை நான் மட்டும் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் கேட்டிருக்கிறார். "பேசட்டும், பேசட்டும், அவசரம் இல்ல" என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார் நேற்று.

கட்டை ஆசிரியையின் மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறதாம். ஜூனில் பள்ளி திறந்ததும் செயற்குழுவுக்குக் குலுக்கல். நான் பெயர் கொடுக்கப் போகிறேன். சேலத்து அக்காவும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், என்னை எதிர்த்துப் பேசுவதற்காகத்தான்.